மியூலா, ரிங்கா: லங்காஷையர் முதலாளிகளை முட்டாளாக்கும் கதை

போன மாதம் ஆபீஸில் ஒரு மீட்டிங். பதினான்கு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பழைய சிஸ்டத்தைத் தூக்கிவிட்டுப் புதுசாக எழுதலாமா வேண்டாமா என்று பேச்சு. வெளியிலிருந்து வந்த ஆலோசகர் ஒரு ஸ்லைடு போட்டார். அதில் ஒரு பஞ்சாலைப் படம். இங்கிலாந்தின் லங்காஷையர் ஆலைகள் பழைய மெஷினைப் பிடித்துக்கொண்டு தொங்கின, அமெரிக்காவும் ஜப்பானும் புது மெஷினுக்கு மாறின, அதனால் லங்காஷையர் அழிந்தது என்றார். எல்லாரும் தலையாட்டினோம். நானும்தான்.

எனக்கு இந்தக் கதை வேறு ஒரு வடிவத்தில் ஏற்கெனவே தெரியும். அப்பா கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். ரிங் ஃப்ரேம் டிபார்ட்மெண்ட். நான் பி.இ. மூன்றாம் வருஷம் படிக்கும்போது மில்லை மூடிவிட்டார்கள். "புது மெஷினே வாங்கல, அதான் மூடிட்டாங்க" என்று லைன் வீட்டில் அத்தனை பேரும் சொன்னார்கள். இருபது வருஷத்துக்கு மேல் நானும் அதையே நம்பிக்கொண்டிருந்தேன்.

மீட்டிங் முடிந்து வீட்டுக்கு வந்து லங்காஷையர் பற்றிக் கொஞ்சம் தேடினேன். தேடப்போனால், பொருளாதார வரலாற்று ஆய்வாளர்கள் இந்த ஒரே கேள்விக்கு முப்பது வருஷத்துக்கு மேலாக மல்லுக்கட்டியிருக்கிறார்கள். முக்கியமான கட்டுரைகளைப் படித்தேன். அவர்கள் என்ன சொல்கிறார்கள், எதில் எனக்கு உடன்பாடு, எதில் இல்லை என்பதுதான் இந்தப் பதிவு. நான் பொருளாதாரம் முறையாகப் படித்தவன் இல்லை. மெஷின் பக்கத்திலிருந்து பார்க்கிறவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மெஷின்கள்

பஞ்சை இழுத்து, முறுக்கி, சுற்றினால் நூல். அவ்வளவுதான் விஷயம். மியூல் என்பது 1779ல் சாமுவேல் கிராம்ப்டன் செய்தது. கதிர்களை ஒரு நீளமான வண்டியில் வரிசையாக வைத்திருப்பார்கள். வண்டி ஐந்தடிக்கு மேல் வெளியே உருண்டு வரும்; வரும்போது இழை நீண்டு முறுக்கேறும். பிறகு வண்டி உள்ளே திரும்பும். அப்போது முறுக்கிய நூல் கதிரில் சுற்றிக்கொள்ளும். மறுபடி வெளியே. ரிச்சர்ட் ராபர்ட்ஸ் 1830 வாக்கில் இதைத் தானாக ஓடும்படி செய்துவிட்டார். ஆனாலும் ஒரு ஜோடி மியூலைக் கவனிக்க அனுபவமுள்ள ஆள் வேண்டும். அவருக்கு மைண்டர் என்று பெயர். கிட்டத்தட்ட எல்லாரும் ஆண்கள். அறுந்த இழையை ஒட்ட அவருக்குக் கீழே இரண்டு மூன்று பையன்கள்.

ரிங் 1828ல் அமெரிக்காவில் ஜான் தார்ப் பேடண்ட் எடுத்தது. இதில் வண்டி கிடையாது. கதிரைச் சுற்றி ஒரு வளையம். வளையத்தின் மேல் டிராவலர் என்று ஒரு குட்டிக் கம்பிக் கொக்கி ஓடும். முறுக்குவதும் சுற்றுவதும் ஒரே நேரத்தில், நிற்காமல் நடக்கும். கேட்டாலே எது மேல் என்று தெரிகிறது இல்லையா? நிற்காமல் ஓடுகிறது, கற்றுக்கொள்வதும் சுலபம், சில மாதப் பயிற்சியில் ஒரு பெண் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. அந்த டிராவலரை இழுத்துக்கொண்டு ஓடுவது நூலேதான். அதனால் நூல் எப்போதும் இழுவிசையில் இருக்கும். அறுந்துபோகாமல் இருக்க நீளமான இழையுள்ள பஞ்சு வேண்டும், முறுக்கும் கூடுதலாக வேண்டும். நல்ல பஞ்சு என்றால் விலை அதிகம். முறுக்கு கூடினால் நூல் விறைப்பாகும், ஊடைக்கு அவ்வளவு நன்றாக இருக்காது. மியூல் நூலை அப்படிப் போட்டு இழுப்பதில்லை. மட்டமான பஞ்சிலும் மென்மையான நூல் வரும், மிக மெல்லிய நம்பர்களும் வரும். நூல் நம்பர் என்பது ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டம் எத்தனை என்பது. நம்பர் கூடக்கூட நூல் மெல்லிசு.

1913ல் நிலைமை இது. பிரிட்டனில் சுமார் 4.5 கோடி மியூல் கதிர்கள், 1 கோடி ரிங் கதிர்கள். அமெரிக்காவில் சுமார் 40 லட்சம் மியூல், 2.7 கோடி ரிங். அப்படியே தலைகீழ். இதைப் பார்த்துத்தான் ஆலோசகர்கள் ஸ்லைடு போடுகிறார்கள்.

முதலில் ஒன்றைத் தீர்த்துவிடலாம்: லங்காஷையர்காரர்களுக்கு ரிங் தெரியாது என்று சொல்லவே முடியாது. உலகத்தின் மிகப் பெரிய நூற்பு மெஷின் கம்பெனிகளில் ஒன்றான பிளாட் பிரதர்ஸ் இருந்தது ஓல்டாம் ஊரில். ஜப்பானுக்கு ரிங் ஃப்ரேம்களை விற்றது அவர்கள்தான். அதே ஊர் ஆலைகளில் மியூல் ஓடிக்கொண்டிருந்தது. செய்து விற்கிறவன் பக்கத்துத் தெருவில் இருக்கும்போது தெரியாமல் எப்படி இருக்கும்?

பழையதை எப்போது கழற்றுவது

கட்டுரைகளுக்குப் போகும் முன் ஒரு சின்னக் கணக்கு. ஆஸ்திரேலியப் பொருளாதார அறிஞர் சால்டர் 1960ல் எழுதிய புத்தகத்தில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். கீழே உள்ள எண்கள் நானாகப் போட்டவை, புரிவதற்காக.

ஒரு ஆலையில் பழைய மெஷின் இருக்கிறது. ஒரு கிலோ நூலுக்குக் கூலி, கரண்ட், ரிப்பேர் எல்லாம் சேர்த்து 30 ரூபாய். மெஷின் வாங்கிய காசு எப்பவோ போய்விட்டது, அதை இனிமேல் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. புது மெஷினில் கூலியும் கரண்டும் 18 ரூபாய்தான். ஆனால் மெஷின் விலையும் வட்டியும் கிலோவுக்கு 15 விழுகிறது. மொத்தம் 33. பழைய ஆலைக்காரர் என்ன செய்வார்? பேசாமல் பழையதையே ஓட்டுவார். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்? அவரிடம் எந்த மெஷினும் இல்லை. பழைய மாடலைப் புதுசாக வாங்கினால் 30க்கு மேல் மெஷின் செலவு 8 என்று 38 ஆகிவிடும். அதனால் அவர் புது மாடலை 33க்கு எடுப்பார்.

பாருங்கள், ஒரே சந்தை, ஒரே நாள், இரண்டு பேர் எதிரெதிர் முடிவு எடுக்கிறார்கள். இரண்டு பேர் கணக்கும் சரி. போட்டியால் நூல் விலை 33க்கு இறங்கினாலும் பழைய ஆலைக்குக் கிலோவுக்கு 3 ரூபாய் நிற்கும். புது மெஷினின் மொத்தச் செலவு 29க்கு இறங்கும் அன்றுதான் பழையதைக் காயலான் கடைக்கு அனுப்ப வேண்டும். அதுவரை "ஏன் மாறவில்லை" என்று அவரைத் திட்டுவதில் அர்த்தமில்லை. ஏற்கெனவே தொழில் பெருத்துப்போன ஊரில் பழைய மெஷின் நிறைய இருக்கும். புதிதாகத் தொடங்கும் ஊரில் புது மெஷின் நிறைய இருக்கும். இதை வைத்து யார் கெட்டிக்காரர் என்று சொல்லிவிட முடியாது.

இந்த ஒரு கணக்கிலேயே ஸ்லைடு பாதி விழுந்துவிடுகிறது. முழுசாக விழவில்லை. ஏனென்றால் லங்காஷையரில் 1905லிருந்து 1907 வரை புதிய ஆலைகள் கட்டும் அலை ஒன்று வந்தது. அப்போது வாங்கிய புது மெஷின்களிலும் நிறைய மியூல்தான். அவர்களுக்கு "ஏற்கெனவே வாங்கியாச்சு" என்ற சாக்கு இல்லை. அப்படியானால் ஏன்?

ஒரு கட்சி, எதிர்க்கட்சி

1969ல் லார்ஸ் சாண்ட்பெர்க் எழுதிய கட்டுரை இந்தக் கேள்வியை நேராக எடுக்கிறது. அவர் முறை எனக்குப் பிடித்திருந்தது. முதலாளிகளின் மனப்பான்மை பற்றிப் பேசாமல், நம்பர் வாரியாகச் செலவை எடுத்துப் போடுகிறார். ரிங்கில் மிச்சமாவது கூலி. தடித்த நூலில் மிச்சம் அதிகம். மெல்லிய நூலுக்குப் போகப் போக மிச்சம் குறைகிறது, நல்ல பஞ்சுக்கான கூடுதல் செலவு அதைத் தின்றுவிடுகிறது. அமெரிக்காவில் தேர்ந்த ஆண் தொழிலாளிக்கும் பழகாத தொழிலாளிக்கும் கூலி வித்தியாசம் பெரிது. லங்காஷையரில் தேர்ந்த மைண்டர்கள் தாராளமாகக் கிடைத்தார்கள். லங்காஷையர் நூற்றதில் மெல்லிய நூலின் பங்கும் அதிகம். ஆகவே அவரவர் இடத்தில் அவரவர் செய்தது சரி என்பது அவர் தீர்ப்பு.

1981ல் வில்லியம் லாசோனிக் இதை எதிர்த்தார். சாண்ட்பெர்க் ஒரு செலவை விட்டுவிட்டார் என்கிறார். அது பாபின். மியூல் நூலை வெறும் கதிரிலோ காகிதக் குழலிலோ சுற்றி அப்படியே கழற்றி அனுப்பலாம். ரிங் நூல் மரப் பாபினில் சுற்றப்படும். அமெரிக்காவில் நூற்பும் நெசவும் ஒரே வளாகத்தில் நடந்ததால் பாபின் ஒரு கட்டடத்திலிருந்து அடுத்ததற்குப் போனால் போதும். லங்காஷையரில் தெற்கே ஓல்டாம், போல்டன் பக்கம் நூற்பு. வடக்கே பிளாக்பர்ன், பர்ன்லி பக்கம் நெசவு. வேறு வேறு முதலாளிகள். கனமான பாபினை ஏற்றி அனுப்பி, காலிப் பாபினைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். தொழில் இப்படித் துண்டு துண்டாகப் பிரிந்து கிடந்ததே ரிங்கைத் தடுத்தது.

லாசோனிக் அதோடு நிற்கவில்லை. இருக்கும் அமைப்புக்குள் சரியாகக் கணக்குப் போடுகிறவர் வெறும் மேலாளர். அமைப்பையே மாற்றுகிறவர்தான் உண்மையான தொழில் முனைவோர். லங்காஷையரில் முதல் வகை நிறைய, இரண்டாவது வகை இல்லை என்பது அவர் குற்றச்சாட்டு.

இதைப் படித்தபோது நான் ஒரு வாரம் லாசோனிக் கட்சியில் இருந்தேன். சாஃப்ட்வேர்காரனுக்கு இது உடனே புரியும். ஒரு மாட்யூலை மட்டும் மாற்ற முடியாது, அது பேசுகிற எல்லா இடத்தையும் மாற்ற வேண்டும் என்று நாங்கள் தினமும் சொல்கிற காரணம்தானே இது!

ஆனால் இந்த வாதத்துக்கு அடுத்த இருபது வருஷத்தில் பலத்த அடி விழுந்தது. 1984ல் கேரி சாக்ஸன்ஹவுஸும் கேவின் ரைட்டும் மெஷின் கம்பெனிகளின் ஆர்டர் புத்தகங்களைப் புரட்டினார்கள். எந்த நாட்டு ஆலை எந்த வருஷம் எத்தனை மியூல், எத்தனை ரிங் கேட்டது என்பது அதில் இருக்கிறது. டேட்டா என்றால் இதுதான் டேட்டா. அவர்கள் பஞ்சைக் காரணமாகக் காட்டினார்கள். பக்கத்தில் லிவர்பூல் சந்தை. எல்லா ரகமும் எப்போதும் கிடைக்கும். மலிவான பஞ்சாகப் பார்த்து வாங்கி, மியூலில் போட்டு, நல்ல விலைக்கு விற்கக்கூடிய நூல் எடுப்பது லங்காஷையரின் பிழைப்பு. ரிங் வைத்தால் அந்தச் சுதந்திரம் போய்விடும். 2001ல் டிம் லூனிக் பாபின் வாதத்தை நேராகச் சோதித்தார். தூரம் குறைவு, போக்குவரத்துச் செலவு பெரிய தடையில்லை, நூற்பும் நெசவும் சேர்த்து வைத்திருந்த கம்பெனிகள் மற்றவர்களைவிட ரிங்கை அதிகம் நாடவும் இல்லை என்று காட்டினார்.

என் விமர்சனம்

இதில் யார் ஜெயித்தார் என்று கேட்டால், பாபின் விஷயத்தில் லூனிக் பக்கம் என்பேன். ஆனால் எனக்கு இரண்டு தரப்பிடமும் குறை இருக்கிறது.

முதல் குறை: "சரியான கணக்கா இல்லையா" என்ற கேள்வியே ரொம்பச் சின்னது. சாண்ட்பெர்க் கணக்கில் போடுகிற விலைகளைப் பாருங்கள். தேர்ந்த மைண்டர் மலிவாகக் கிடைக்கிறார் என்கிறார். ஏன் கிடைக்கிறார்? நூறு வருஷமாக மியூல் ஓட்டிய ஊர் என்பதால். இன்றைய பையன் நாளைய மைண்டர். லிவர்பூலில் இத்தனை ரகப் பஞ்சு ஏன் கிடைக்கிறது? அதை வாங்கத் தெரிந்த ஆலைகள் பக்கத்தில் இருப்பதால். அதாவது கணக்கின் உள்ளே போகிற ஒவ்வொரு எண்ணும் முன்னால் எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவுகளின் விளைவு. அப்படிப்பட்ட விலையை வைத்துக் கணக்குப் போட்டால் "இப்போது செய்வதே சரி" என்றுதான் பெரும்பாலும் விடை வரும். விடை தப்பில்லை. ஆனால் அதிலிருந்து நமக்குப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை.

இரண்டாவது குறை லாசோனிக்கிடம். அமைப்பை யார் மாற்றியிருக்க வேண்டும்? நூற்றுக்கணக்கான கம்பெனிகள், ஒவ்வொன்றும் சின்னது. எந்த ஒன்றும் தனியாக அமைப்பை மாற்ற முடியாது. ஒரு கம்பெனியால் முடியாததைச் செய்யவில்லை என்று அந்தக் கம்பெனியைக் குறை சொல்வது நியாயமில்லை. அரசாங்கமோ சங்கமோ செய்திருக்கலாம் என்றால் அது வேறு வாதம். அதை அப்படியே சொல்ல வேண்டும்.

மூன்றாவது குறை இரண்டு தரப்புக்கும், இதுதான் எனக்கு முக்கியம். காலம். ஒரு மெஷினை வாங்கும்போது அதன் இன்றைய செலவை மட்டும் வாங்குவதில்லை, அது எந்த வேகத்தில் மேம்படுகிறது என்பதையும் சேர்த்து வாங்குகிறோம். மியூல் கிட்டத்தட்ட தன் எல்லையைத் தொட்டுவிட்டது. ரிங்கின் கதிர் வேகம் கூடிக்கொண்டே போனது. 1870களில் அமெரிக்காவில் வந்த புதுவகைக் கதிர்களுக்குப் பிறகுதான் ரிங் உண்மையிலேயே போட்டிக்கு வந்தது. அப்படியானால் லங்காஷையர் சீக்கிரம் மாறியிருக்க வேண்டும் என்றுதானே தோன்றும்?

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. யோசித்தால் பாதி தலைகீழ். மெஷின் வருஷாவருஷம் நல்லதாகிறது, அந்த மேம்பாடு மெஷின் கம்பெனி கையில் இருக்கிறது, காசு கொடுக்கிற யாருக்கும் விற்கிறார்கள் என்றால், காத்திருப்பதற்குத் தண்டனை இல்லை. ஐந்து வருஷம் கழித்து வாங்குகிறவருக்கு இன்னும் நல்ல ரிங் கிடைக்கும். அடுத்த வருஷ மாடல் வரட்டும் என்று போன் வாங்குவதைத் தள்ளிப்போடுகிற அதே கணக்கு. வேகமாக மேம்படுவதே காத்திருக்க ஒரு காரணம். பழைய மியூல் வைத்திருந்தவர்களுக்கு இது நன்றாகவே பொருந்தும்.

1905ல் புதிதாக மியூல் வாங்கியவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் காத்திருக்கவில்லை, பந்தயம் கட்டினார்கள். உலகம் மெல்லிய நூலையும் மென்மையான துணியையும் லங்காஷையரிடம் தொடர்ந்து வாங்கும் என்ற பந்தயம். அது அசட்டுப் பந்தயமும் இல்லை. ரிங் எல்லாரும் ஓட்டக்கூடிய மெஷின். எல்லாரும் ஓட்டக்கூடிய மெஷினில் கூலி குறைந்த ஊர்தான் ஜெயிக்கும். லங்காஷையர் கூலி ஜப்பான் கூலியைவிடப் பல மடங்கு. மற்றவர்கள் செய்ய முடியாததைச் செய்யும் மெஷினில்தான் லங்காஷையருக்கு ஏதாவது மிச்சம் இருந்தது.

பந்தயம் தோற்றது மெஷினால் அல்ல, சந்தையால். 1913ல் பிரிட்டன் சுமார் 700 கோடி கெஜம் பருத்தித் துணி ஏற்றுமதி செய்தது. அதில் பத்தில் நான்கு பங்கு இந்தியாவுக்கு. 1938ல் மொத்த ஏற்றுமதியே சுமார் 140 கோடி கெஜம். நடுவில் முதல் உலகப்போர், இந்திய ஆலைகளின் வளர்ச்சி, 1917க்குப் பிறகு ஏறிய இந்திய இறக்குமதி வரி, அந்நியத் துணிப் புறக்கணிப்பு, ஜப்பான் போட்டி. 1931 செப்டம்பரில் காந்தி லங்காஷையரில் டார்வன் பக்கம் வந்தபோது அவர் சந்தித்தது வேலையிழந்த நெசவுத் தொழிலாளர்களை. அத்தனை ஆலைகளிலும் ரிங் ஓடியிருந்தாலும் இந்த 560 கோடி கெஜம் திரும்பி வந்திருக்காது. இந்த இடத்தில் ஸ்லைடின் மீதிப் பாதியும் விழுகிறது.

மெஷினைத் தேர்ந்தெடுப்பது ஆளைத் தேர்ந்தெடுப்பது

எல்லாக் கட்டுரைகளிலும் கூலி ஒரு எண்ணாக வருகிறது. அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது யார் என்று கொஞ்சம் பார்க்கலாம்.

தானியங்கி மியூலை ராபர்ட்ஸ் உருவாக்கியதே, வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்த நூற்புத் தொழிலாளர்களை ஓரங்கட்ட முதலாளிகள் கேட்டுக்கொண்டதால்தான். ஆனால் முதலாளிகள் நினைத்தது நடக்கவில்லை. மைண்டர்கள் தங்கிவிட்டார்கள், சங்கம் கட்டினார்கள், எந்த நூலுக்கு எத்தனை கூலி என்று ஊர் வாரியாகப் பட்டியல் போட்டார்கள். மியூல் இருந்தவரை அவர்களுக்கு ஒரு பிடி இருந்தது.

ஜப்பானில் 1883ல் ஓடத் தொடங்கிய ஒசாகா ஸ்பின்னிங் கம்பெனியும் முதலில் வைத்தது மியூல்தான். 1880களின் கடைசியில் ஜப்பான் ஆலைகள் வேகமாக ரிங்குக்கு மாறின. காரணங்கள் தெளிவு: நூற்றது தடித்த நூல், பல ரகப் பஞ்சைக் கலந்து ரிங்குக்குத் தோதாகச் செய்யக் கற்றுக்கொண்டார்கள், இரவு பகலாக இரண்டு ஷிஃப்ட் ஓட்டினார்கள். ஓட்டியது கிராமத்திலிருந்து சில வருஷ ஒப்பந்தத்தில் கொண்டுவந்து விடுதியில் தங்கவைத்த இளம் பெண்கள். அவர்கள் மைண்டர் ஆகும் அளவுக்கு நீண்ட காலம் இருக்க மாட்டார்கள். அதனால் சில மாதத்தில் பழகக்கூடிய மெஷின் வேண்டும். ஜப்பானுக்கு ரிங் "நவீனம்" என்பதால் மட்டும் வந்துவிடவில்லை.

இதைப் படிக்கும்போது நம்மூர்க்காரர்களுக்கு வேறொன்று ஞாபகம் வந்திருக்கும். நம் நூற்பாலைகளில் கல்யாணமாகாத பெண்களை மூன்று வருஷத்துக்கு விடுதியில் வைத்து, முடிவில் ஒரு மொத்தத் தொகை தருவதாகச் சொன்ன சுமங்கலித் திட்டம். நூறு வருஷ இடைவெளி, அதே ரிங், அதே ஏற்பாடு.

எங்கள் மில்

அப்பாவிடம் போன வாரம் கேட்டேன். "மெஷின் பழசாயிட்டதாலதான் மூடினாங்களாப்பா?"

"மெஷின் பழசுதான் கண்ணு. ஆனா நல்லாத்தான் ஓடுச்சு. ஸ்பேர் கேட்டா மட்டும் வராது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம மில்லுக்குப் பின்னால இருந்த மில்லு புது மெஷின் போட்டாங்க. கடன் வாங்கித்தான். அதுவும் மூடிட்டாங்கல்ல" என்றார்.

எனக்கு அது மறந்தே போயிருந்தது. புதுசு வாங்கின மில்லும் மூடியது, வாங்காத மில்லும் மூடியது. எங்கள் மில் நிலத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. அந்த முதலாளியின் கணக்கை நான் பார்க்கவில்லை. ஆனால் ஊர் வளர்ந்து மில்லைச் சுற்றி வீடுகள் வந்த பிறகு, அவர் போட வேண்டிய ஒப்பீடு பழைய ரிங்குக்கும் புது ரிங்குக்கும் நடுவில் இல்லை. நூலுக்கும் நிலத்துக்கும் நடுவில். அந்த ஒப்பீட்டில் எந்த மெஷினும் ஜெயிக்காது.

லங்காஷையரிலும் இதற்கு ஒரு ஜோடி உண்டு. 1919, 1920ல் ஒரு குறுகிய செழிப்பு வந்தது. அப்போது ஏராளமான ஆலைகள் தாறுமாறான விலைக்குக் கைமாறின. 1905ல் மியூல் பந்தயம் கட்டியவர்களில் பலர் அப்போதே காசை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை பந்தயம் ஜெயித்தது! பிறகு விலை சரிந்தபோது மாட்டிக்கொண்டது புதிதாகப் பங்கு வாங்கியவர்கள், கடன் கொடுத்த வங்கிகள், ஓல்டாம் ஆலைகளில் சிறுகச் சிறுகப் பணம் போட்டிருந்த உள்ளூர்க்காரர்கள், பிறகு தொழிலாளர்கள். வங்கிகள் கதையை முடிக்க 1929ல் பேங்க் ஆஃப் இங்கிலாந்தே முன்நின்று லங்காஷையர் காட்டன் கார்ப்பரேஷன் என்று ஒன்றை உருவாக்க வேண்டியிருந்தது. 1936ல் மிதமிஞ்சிய கதிர்களை உடைத்துப் போட ஒரு தனிச் சட்டமே வந்தது.

என் வாதம் இவ்வளவுதான். போட்டியில் இருக்கும் ஒரு கம்பெனி தன் கணக்கைச் சரியாகத்தான் போடும், பெரும்பாலும். அந்தக் கணக்கின் காலம் பத்துப் பதினைந்து வருஷம். ஊரின் காலமும், ஒரு மைண்டரின் அல்லது ஃபிட்டரின் வேலைக்காலமும் அதைவிட நீளம். இந்த இடைவெளியில் வருகிற நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்பதை அந்த ஆய்வாளர்களில் யாருமே கணக்கின் ஒரு வரியாகப் போடவில்லை. "புத்திசாலியா முட்டாளா" என்று முதலாளியையே பார்த்துக்கொண்டிருந்தால் அது கண்ணில் படவும் படாது.

சரி, புதிய மெஷின் வந்தால் பழையது ஒழிந்துதான் தீரும் என்பதும் உண்மையில்லை. 1967ல் செக்கோஸ்லோவாகியாவிலிருந்து ஓப்பன் எண்ட் மெஷின் வந்தபோது ரிங் காலி என்று நினைத்தவர்கள் உண்டு. ரிங்கைவிடப் பல மடங்கு வேகம். இன்றைக்கு நம்மூரில் ஓ.இ. மில்கள் கழிவுப் பஞ்சில் தடித்த நூல் எடுக்கின்றன. பனியனுக்கும் மெல்லிய துணிக்கும் ரிங் நூல்தான் போகிறது. பக்கத்துப் பக்கத்துக் காம்பவுண்டில் இரண்டும் ஓடுகின்றன. எந்தப் பஞ்சு, எந்த நம்பர், யார் கையில் என்பதைப் பொறுத்துத்தான் எது நல்ல மெஷின் என்று சொல்ல முடியும்.

ஆபீஸ் விஷயம் இன்னும் முடிவாகவில்லை. இரண்டாவது மீட்டிங்குக்கு முன்னால் அந்த ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்து பார்த்தேன். பழைய சிஸ்டத்தைப் பார்த்துக்கொள்கிற ஆறு பேர் "பராமரிப்புச் செலவு" என்ற ஒரே வரியில் இருந்தார்கள். அதன் கீழே ஒரு வரி சேர்த்தேன்: மாறினால் இந்த ஆறு பேர் என்ன வேலை செய்வார்கள், பழக எத்தனை மாதம், அந்தச் செலவு யாருடையது. அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. மீட்டிங் வரும் வியாழக்கிழமை.

உங்கள் வீட்டில் யாராவது மில்லில் வேலை பார்த்திருந்தால் எந்த டிபார்ட்மெண்ட், எந்த நம்பர் நூல், எந்த வருஷத்து மெஷின் என்று கேட்டு எழுதி வையுங்கள். அப்பாவிடம் நான் கேட்க இருபது வருஷம் ஆகிவிட்டது.